ஓர் ஆழாக்குச் சோறு

அம்மா வீட்டுப் பரணில் பித்தளை ஆழாக்கு ஒன்று கிடந்தது. 2012இல் இரைப்பையைச் சுற்றி ஒரு பட்டை மாட்டிக்கொண்டு மருத்துவமனையிலிருந்து பிள்ளையார்பாளையத்துக்குத் திரும்பிய அன்று அது கீழே இறங்கியது. டயட்டீஷியன் எழுதிக் கொடுத்த தாளில் ‘ஒரு வேளைக்கு அரை கப்’ என்று இருந்தது. அம்மாவுக்குக் கப் கணக்கு தெரியாது. ஆழாக்கைப் புளி போட்டுத் தேய்த்துக் கழுவி, நான் வாங்கி வந்த பிளாஸ்டிக் கப்பால் தண்ணீர் ஊற்றிப் பார்த்தாள்.

“முக்கா ஆழாக்குகூட நிறையல. இத்த துண்றதுக்குத்தான் வயித்துல கத்தி வெச்சிக்கினு வந்தியா?”

அப்பா தறிக்குழியில் உட்கார்ந்திருந்தார். எதுவும் பேசவில்லை. எட்டு வயதில் கோர்வை இழுக்கப் போனவர் அவர். அகலக் கரை வைத்த புடவைக்கு நெய்பவர் ஒருவர் போதாது; பக்கத்தில் உட்கார்ந்து கரையின் நாடாவைத் தள்ளிக் கொடுக்க இன்னொரு கை வேண்டும். அந்தக் கை பெரும்பாலும் ஒரு சிறுவனுடையதாக இருந்தது. மத்தியானம் கிடைக்கும் கூழை நினைத்தபடியே காலையைத் தள்ளியதாக அப்பா சொல்லியிருக்கிறார். அதனால் எங்கள் வீட்டில் தட்டில் மிச்சம் வைப்பது பொய் சொல்வதைவிடப் பெரிய குற்றம். முப்பது வருஷம் நான் அந்தக் குற்றத்தைச் செய்ததே இல்லை. 118 கிலோ.

பட்டையின் கதை அப்படி ஒன்றும் பழையதல்ல. 1978இல் வில்கின்சன், பெலோசோ என்ற இரண்டு அமெரிக்க மருத்துவர்கள் இரைப்பையின் மேற்பகுதியைச் செயற்கை இழை வலையால் சுற்றிக் கட்டிப் பார்த்தார்கள். கட்டினால் கட்டியதுதான், தளர்த்த வழியில்லை. எண்பதுகளின் நடுவில் ஸ்வீடனில் ஹால்பெர்க், ஃபோர்செல் இருவரும், அமெரிக்காவில் லுபோமிர் குஸ்மாக்கும் இறுக்கித் தளர்த்தக்கூடிய சிலிக்கோன் பட்டையைக் கொண்டுவந்தார்கள். 1993இல் பெல்ஜியத்தில் மிட்டிகு பெலாச்சூ அதைச் சிறு துளைகள் வழியாகவே பொருத்திக் காட்டினார். எத்தியோப்பியாவில் பிறந்தவர் அவர். பஞ்சத்துக்குப் பேர்போன ஒரு நாட்டில் பிறந்தவர், அதிகம் சாப்பிடுகிறவர்களுக்கு வழி செய்தார் என்பதை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வதுண்டு.

பட்டையின் உட்பக்கம் பலூன் போல இருக்கும். அதிலிருந்து ஒரு குழாய் வந்து தோலுக்கு அடியில் ஒரு சின்ன மூடியில் முடியும். மருத்துவர் அந்த மூடியில் ஊசி குத்தி உப்புநீரை ஏற்றினால் பட்டை இறுகும், எடுத்தால் தளரும். எல்லாம் மில்லி கணக்கு.

நான் புரிந்துகொண்டது இதுதான்: பட்டைக்கு மேலே சின்னதாக ஒரு பை, அது நிறைந்தால் வயிறு நிறைந்தது. ஆகவே நிறையும்வரை சாப்பிடலாம். அறுவை முடிந்து நான்காவது மாதம் அத்தை பெண்ணின் கல்யாணப் பந்தியில் அந்த ஞானம் உடைந்தது. சாதம், வத்தக்குழம்பு, மூன்றாவது கவளம். நெஞ்சுக்கூட்டுக்கு நடுவில் யாரோ முஷ்டியை வைத்து அழுத்துவதுபோல் இருந்தது. விக்கல் வந்தது, மூக்கில் நீர் ஒழுகியது, கை கழுவும் இடத்துக்கு ஓடினேன். பின்னாலேயே வந்த அத்தை காதோரம் கேட்டாள்: “எத்தினி மாசம்?”

மெல்போர்னில் பால் ஓ’பிரையனும் அவரோடு வேலை செய்தவர்களும் பட்டைக்காரர்களைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர்கள். அவர்கள் சொன்னதைப் பிறகுதான் படித்தேன். சரியாக இறுக்கிய பட்டையில் சோறு மேலே தேங்கி நிற்பதில்லை. உணவுக்குழாய் சில தடவை பிழிந்து தள்ள, ஒவ்வொரு கவளமும் பட்டையைத் தாண்டி இறங்குகிறது. அப்படி இறங்கும்போது அந்த இடத்து நரம்புகள் மூளைக்குச் சேதி அனுப்புகின்றன. பசியை அடக்குவது அந்தச் சேதி. ஆக, நெஞ்சு அடைப்பது நிறைவு அல்ல. நிறைவைத் தாண்டி வெகுதூரம் வந்துவிட்டோம் என்பதற்கு அடையாளம். நிறைவு அதற்கு முன்பே வந்து போயிருக்கும். சிறு கவளம், நன்றாக மென்று, ஒரு நிமிஷம் விட்டு அடுத்தது, நடுவில் தண்ணீர் கூடாது. இப்படிச் சாப்பிட்டால்தான் அந்தச் சேதி காதில் விழும்.

எனக்கு விழவில்லை. மாறாகத் திருட்டு வழி ஒன்று அகப்பட்டது. குழைந்த தயிர்சாதம், பாயசம், ஐஸ்கிரீம் எல்லாம் எதிர்ப்பே இல்லாமல் இறங்கின. குறைந்த எடையில் ஒன்பது கிலோ திரும்பி வந்தது. “இன்னும் கொஞ்சம் இறுக்குங்க டாக்டர்” என்று நானே போய் நின்றேன். அரை மில்லி ஏற்றினார். அப்புறம் ராத்திரியெல்லாம் புளித்த நீர் தொண்டைக்கு வந்தது, தலையணையை உயர்த்தி உட்கார்ந்தே தூங்கினேன். அதே அரை மில்லியை வெளியே எடுக்க வேண்டியதாயிற்று.

அளவை யாராவது வெளியிலிருந்து கச்சிதமாக வைத்துவிட்டால் போதும், மற்றதை வயிறு பார்த்துக்கொள்ளும் என்று நம்பியிருந்தேன். காஞ்சிபுரத்தில் பிறந்தவர்களுக்கு இந்த நம்பிக்கை இயல்பாகவே வரும் என்று தோன்றுகிறது. அளப்பது இந்த ஊரின் பழைய தொழில்.

பெரிய காஞ்சிபுரத்தில் உலகளந்த பெருமாள் கோயில் இருக்கிறது. பழைய பெயர் ஊரகம். பத்தாம் நூற்றாண்டில் உத்தம சோழன் காலத்தில் இந்தக் கோயிலுக்காக எழுதப்பட்ட செப்பேடு இன்று சென்னை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதில் கோயிலின் வருமானமாக இரண்டு கூலிகள் வருகின்றன: கோல்நிறைகூலி, கால்அளவுகூலி. நிறுத்து விற்பதற்கு ஒன்று, மரக்காலால் அளந்து விற்பதற்கு ஒன்று. மூன்றடியால் உலகை அளந்தவருக்கு ஊரில் அளக்கும் நெல்லிலும் பங்கு. கோயில் காரியங்களைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு பட்டசாலிகள் என்ற நெசவாளர்களிடம் இருந்தது. பூசைக்கும் கோயில் வேலைக்காரர்களுக்கும் நெல் அளந்து ஒதுக்கப்பட்டது. இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு நாழி, எட்டு நாழி ஒரு குறுணி. சிந்தாமல் சிதறாமல் கணக்கு இருக்கிறது. சாப்பிட்டவருக்குப் போதுமாக இருந்ததா என்பது மட்டும் எந்தச் செப்பேட்டிலும் வராது. அது அளப்பவரின் கவலை அல்ல.

அதைக் கவலையாக எடுத்துக்கொண்ட கதையும் இதே ஊரில்தான் வந்து சேர்கிறது. மணிமேகலையில் காயசண்டிகைக்கு யானைத்தீ என்ற நோய். முனிவர் ஒருவர் பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை உண்ணும் நாவல் கனியை மிதித்துவிட்டதால் வந்த சாபம். எவ்வளவு தின்றாலும் அடங்காத பசி. அமுதசுரபியின் சோற்றை உண்ட பிறகுதான் அது அணைகிறது. பின்னால் மழை பொய்த்த காஞ்சிக்கு வந்து மணிமேகலை அதே பாத்திரத்தை வைத்து எல்லா உயிர்களையும் அழைக்கிறாள். அள்ள அள்ளக் குறையாத பாத்திரம் என்றுதான் பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்தார்கள். இப்போது எனக்கு வேறொன்று கண்ணில் படுகிறது: அந்தப் பாத்திரத்தில் அளவுக்கோடு கிடையாது. உண்பவரின் பசி எங்கே முடிகிறதோ அதுதான் அளவு.

இதற்கு நேர் எதிரான பாத்திரமும் இருந்தது. 1876-78 தாது வருஷப் பஞ்சத்தில் வைஸ்ராய் லிட்டனின் பிரதிநிதியாக ரிச்சர்ட் டெம்பிள் சென்னை மாகாணத்துக்கு வந்தார். சில வருஷத்துக்கு முன் பீகாரில் தாராளமாகச் செலவழித்து உயிர்களைக் காப்பாற்றி, அதற்காகவே திட்டு வாங்கியவர். இந்த முறை எச்சரிக்கையாக இருந்தார். 1877 ஜனவரியில் நிவாரண வேலை செய்யும் ஆணுக்கு ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓர் அணாவும் என்று நிர்ணயித்தார். ஒரு பவுண்டு சுமார் 450 கிராம். மண் வெட்டிச் சுமக்கிற உடம்புக்கு! மாகாணத்தின் சுகாதார ஆணையர் கார்னிஷ், ஒன்றரைப் பவுண்டும் கூடவே பருப்பும் காய்கறியும் வேண்டும் என்று விடாமல் வாதாடினார். சில மாதங்கள் கழித்துச் சென்னை அரசு படியை உயர்த்தியது. அதற்குள் போன உயிர்கள் போயின. இரண்டு பேருமே அதிகாரிகள், இரண்டு பேரிடமும் எண்கள் இருந்தன. வித்தியாசம், கார்னிஷ் உடம்புகளைப் பார்த்தார்.

என் அரை கப்பை அந்த ஒரு பவுண்டோடு சேர்த்துப் பேசுவது அநியாயம். நான் காசு கொடுத்துப் பசியைக் குறைத்துக்கொண்டவள், அவர்கள் பசியால் செத்தவர்கள். ஆனாலும் என் உடம்பைப் பார்க்காமல் கப்பை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன் என்பதை அந்தப் பஞ்சத்தைப் பற்றிப் படித்தபோதுதான் உணர்ந்தேன்.

1912இல் ஹார்வர்டில் வால்டர் கேனனின் மாணவர் வாஷ்பர்ன் ஒரு பலூனை விழுங்கி, வயிறு சுருங்கும்போதெல்லாம் பசி எடுப்பதைப் பதிவு செய்தார். பசி வயிற்றில் இருக்கிறது என்று ஆயிற்று. 1998இல் பால் ரோசினும் சுபர்ணா ராஜாராம் முதலான அவருடைய சகாக்களும் நினைவாற்றலை இழந்த இரண்டு பேருக்கு மதிய உணவு கொடுத்தார்கள். சாப்பிட்டு முடித்துச் சற்று நேரத்தில் மறுபடி ஒரு மதிய உணவு. அதையும் சாப்பிட்டார்கள். மூன்றாவதைக்கூடத் தொடங்கினார்கள். சாப்பிட்டோம் என்பது ஞாபகம் இருப்பதும் நிறைவின் ஒரு பகுதி. எனக்கு ஞாபகசக்திக்குக் குறைவில்லை. ஆனால் டிவி பார்த்துக்கொண்டே விழுங்கிய சோறு எதுவும் ஞாபகத்தில் ஏறவில்லை.

இப்போது டிவியை அணைத்துவிட்டுச் சின்னத் தட்டில் சாப்பிடுகிறேன். ஏழெட்டுக் கவளத்தில் ஒரு பெருமூச்சு தானாக வரும். ரொம்ப மெல்லியது, கவனிக்காவிட்டால் போய்விடும். அதுதான் என் கோடு. அது சில நாள் அரை கப்பில் வரும், சில நாள் முக்கால் கப்பில். பட்டை போடுகிறவர்கள் இன்று வெகு குறைவு, இரைப்பையையே வெட்டிச் சிறிதாக்கும் அறுவைக்குப் போய்விட்டார்கள். மருத்துவரும் மாற்றிக்கொள்கிறாயா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். எதைப் போட்டாலும் அந்தப் பெருமூச்சை நான்தான் கேட்டாக வேண்டும்.

போன மார்கழியில் அப்பா வரதராஜப் பெருமாள் கோயிலிலிருந்து குடலை இட்லி வாங்கி வந்தார். மூங்கில் குடலையில் மந்தாரை இலை சுற்றி மணிக்கணக்காக ஆவியில் வெந்தது; மிளகும் சுக்கும் நெய்யும் மணந்தன. எனக்கு ஒரு துண்டு வெட்டி வைத்தார். பாதியில் பெருமூச்சு வந்தது. கையை எடுத்தேன். பழைய பயத்தில் அப்பா முகத்தைப் பார்த்தேன்.

அவர் என் தட்டைப் பார்த்தார், அப்புறம் என்னை.

“போதுமாம்மா?”

இத்தனை வருஷத்தில் அவர் என்னிடம் அதைக் கேட்டதில்லை. தலையாட்டினேன். மிச்சத்தை எடுத்துத் தன் தட்டில் வைத்துக்கொண்டார்.