ஆற்றங்கரை நிலம் யாருக்குச் சொந்தம்?

சென்ற மாதம் கம்மாபுரத்தில் எங்கள் மாலை வகுப்புக்கு வரும் கல்லூரி மாணவி ஒருத்தி செல்போனில் ஒரு விளம்பரத்தைக் காட்டினாள். ஆற்றோரத்தில் நிலம், இனிப்பான தண்ணீர், தனிப் பட்டா, உடனே கிரயம். "அக்கா, அப்பா வெளிநாட்டில் சம்பாதித்த காசு கொஞ்சம் இருக்கு. நாம வாங்கலாமா?" என்று கேட்டாள்.

வாங்கலாம். தடுக்க இன்று சட்டம் எதுவும் இல்லை. ஆனால் வாங்குவதற்கு முன் அந்த நிலம் முதலில் யாருக்குக் கொடுக்கப்பட்டது என்று பார்க்க வேண்டும். தோழர்களே, இந்தக் கேள்விக்குப் பின்னால் நூறாண்டுக்கும் மேற்பட்ட வரலாறு இருக்கிறது.

நிலத்தை யார் வாங்கலாம் என்பதைப் பணம் மட்டும் முடிவு செய்ததில்லை. அமெரிக்காவின் கலிஃபோர்னியாவைப் பாருங்கள். நாபா ஆற்றுப் பள்ளத்தாக்கு இன்று உலகம் அறிந்த ஒயின் பூமி. அங்கே 19ஆம் நூற்றாண்டில் மலையைக் குடைந்து ஒயின் கிடங்குகள் அமைத்தவர்களில் சீனக் கூலிகள் முக்கியமானவர்கள். 1913இல் அந்த மாநிலம் ஒரு சட்டம் போட்டது. குடியுரிமை பெறத் தகுதியற்ற அயல்நாட்டார் விவசாய நிலம் வாங்கக் கூடாது என்றது. சட்டத்தில் எந்த இனத்தின் பெயரும் இல்லை. ஆனால் ஆசியர்களுக்குக் குடியுரிமை மறுக்கப்பட்டிருந்ததால் அது யாருக்கான சட்டம் என்று எல்லோருக்கும் தெரியும். ஜப்பானிய விவசாயிகள் அங்கே பிறந்த தங்கள் பிள்ளைகளின் பெயரில் நிலம் வாங்கிச் சமாளித்தார்கள். 1952இல்தான் மாநில உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டத்தைச் செல்லாது என்றது.

நம் ஊரில் அப்படி ஒரு சட்டம்கூடத் தேவைப்படவில்லை. சாதியே போதுமானதாக இருந்தது. செங்கல்பட்டுப் பகுதியில் மிராசுதார் முறை இருந்தது. ஊரின் நஞ்சை மட்டுமல்ல, தரிசின் மீதும் மிராசுதாரருக்கே முன்னுரிமை. தரிசு நிலம் கேட்டு தலித் ஒருவர் தர்க்காஸ்து மனு கொடுத்தால், மிராசுதார் 'எனக்கு வேண்டும்' என்று சொல்லித் தடுத்துவிடலாம். குடிசை போட்டிருந்த இடமும் மிராசுதாரர் கையில்தான். கூலி உயர்த்திக் கேட்டால் வீட்டையே காலி செய்யச் சொல்லலாம்.

இதையெல்லாம் நேரில் பார்த்து எழுதியவர் செங்கல்பட்டின் பொறுப்பு ஆட்சியராக இருந்த ட்ரெமென்ஹீர். 1891இல் அவர் அரசுக்கு அறிக்கை கொடுத்தார். நிலமும் வீட்டுமனையும் இல்லாமல் இந்த மக்கள் நிமிர முடியாது என்பதே அதன் சாரம். அவர் கேட்டதை எல்லாம் அரசு ஏற்கவில்லை. ஆனாலும் 1892 செப்டம்பர் 30 அன்று அரசாணை 1010 வந்தது. சென்னை மாகாணத்தில் ஒடுக்கப்பட்ட மக்களுக்கு நிலம் ஒப்படை செய்யும் வழி திறந்தது. அன்றைய தென்னார்க்காடும், அதற்குள் இருந்த நம் கம்மாபுரமும் அந்த மாகாணத்தைச் சேர்ந்தவைதான். இப்படிக் கொடுக்கப்பட்டவையே பஞ்சமி நிலங்கள். பதிவேடுகளில் 'டி.சி. நிலம்' என்றும் இருக்கும். தமிழகத்தில் இவை 12 லட்சம் ஏக்கர் என்று நில உரிமை இயக்கங்கள் சொல்கின்றன.

இந்த நிலத்துக்கு நிபந்தனை உண்டு. முதல் 10 ஆண்டுகள் விற்கவோ அடமானம் வைக்கவோ தானம் செய்யவோ கூடாது. அதன் பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கு மட்டுமே விற்கலாம். மீறினால் அரசு நிலத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். 'சொத்தை விற்க விடாமல் தடுப்பது உரிமைப் பறிப்பு இல்லையா?' என்று சிலர் கேட்பார்கள். பஞ்சம் வந்த வருடம், பெண்ணுக்குக் கல்யாணம் வைத்த வருடம், கடன் கொடுத்தவர் முதலில் கண் வைப்பது நிலத்தின் மேல்தான். அந்தக் கையிலிருந்து காப்பாற்றத்தான் நிபந்தனை. சொத்துரிமை மாற்றுச் சட்டத்தைக் காட்டியும் இதை உடைக்க முடியாது. அரசு கொடுத்த நிலத்துக்கு அரசு விதித்த நிபந்தனையே செல்லும் என்றது, பின்னர் ரத்து செய்யப்பட்ட 1895ஆம் ஆண்டின் அரசு மானியச் சட்டம்.

அப்படியிருந்தும் நிலம் கைமாறியது. கடனுக்கு ஈடாக, வெற்றுத்தாள் கைநாட்டாக, பட்டா மாறுதலாகப் போனது. பதிவேடுகளைப் புதுப்பித்தபோது பல இடங்களில் 'டி.சி.' குறிப்பே காணாமல் போனது. மீட்கப் போனவர்களுக்குக் கிடைத்தது என்ன? 1994இல் செங்கல்பட்டு மாவட்டம் காரணையில் பஞ்சமி நிலத்தைக் கேட்டு மக்கள் போராடினார்கள். அக்டோபர் 10 அன்று நடந்த துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இரு தோழர்கள் கொல்லப்பட்டார்கள்.

இப்போது நம் பக்கம் வருவோம். விருத்தாசலத்தைத் தாண்டி வரும் மணிமுத்தாறு கூடலையாற்றூரில் வெள்ளாற்றோடு சேருகிறது. இந்த ஆற்றோரங்களில் பழைய நஞ்சையெல்லாம் யாரிடம் இருக்கிறது, சேரி எந்தப் பக்கம் இருக்கிறது என்று ஒருமுறை நடந்து பாருங்கள். அன்று யாரும் வேண்டாம் என்று விட்ட மேட்டுக்கும் களருக்கும் இன்று சாலையும் ஆழ்துளைக் கிணறும் வந்துவிட்டன. விலையும் ஏறிவிட்டது.

அந்த மாணவியும் நானும் சர்வே எண்ணை எழுதிக்கொண்டு தாலுகா அலுவலகம் போனோம். இப்போதைய பட்டாவில் ஒன்றும் இல்லை. பழைய ரீசெட்டில்மென்ட் பதிவேட்டின் நகல் கேட்டுத் தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போட்டோம். பதில் வந்தது. குறிப்புக் கட்டத்தில் இரண்டே எழுத்து: டி.சி.

அவள் அந்த நிலத்தை வாங்கவில்லை. வாங்குவதை விட்டுவிட்டு, அதை முதலில் பெற்ற குடும்பம் எது என்று தேடிக்கொண்டிருக்கிறாள். நீங்களும் உங்கள் ஊரில் ஒரே ஒரு சர்வே எண்ணிலிருந்து தொடங்குங்கள். இப்போதைய பட்டாவோடு நிறுத்தாமல் 'அ' பதிவேடும் பழைய ரீசெட்டில்மென்ட் பதிவேடும் கேளுங்கள். நகல் கையில் வந்ததும் பாட்டி தாத்தாக்களிடம் உட்கார்ந்து பேசுங்கள். பதிவேட்டில் அழிந்த பெயர் அவர்கள் நினைவில் இருக்கும்.