மாண்டி: ஒரு கட்டளை நடந்த வழி

இங்கிலாந்தில் ஆண்டுதோறும் பெரிய வியாழனன்று அரசர் தம் கையால் வெள்ளிக் காசு கொடுப்பது வழக்கம். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு பென்ஸ் மதிப்பில் நான்கு வகைச் சிறு காசுகள். அரசருக்கு எத்தனை வயதோ அத்தனை ஆண்களும் அத்தனை பெண்களும் அதைப் பெறுவார்கள். ஒவ்வொருவர் பையிலும் அத்தனை பென்ஸ் இருக்கும். அந்தக் காசுக்கு ‘மாண்டி’ என்று பெயர். நாளுக்கும் அதே பெயர்தான், மாண்டி வியாழன். இந்தச் சொல்லைப் பிரித்துப் பார்த்தால் வெள்ளியும் இல்லை, தானமும் இல்லை. கட்டளை என்பதே அதன் பொருள்.

லத்தீனில் ‘மாந்தாத்தும்’ என்றால் இட்ட கட்டளை. அதன் வினைச்சொல்லைக் ‘கை’, ‘கொடு’ என்ற இரண்டு சொற்கள் சேர்ந்து பிறந்ததாகக் கொள்வார்கள். ஒரு பொறுப்பை ஒருவர் கையில் ஒப்படைப்பது. பழைய பிரெஞ்சு மொழி அதை ‘மாந்தே’ என்று தேய்த்தது. ஆங்கிலம் அங்கிருந்து வாங்கி மாண்டி ஆக்கிக்கொண்டது. பழைய ஆங்கிலத்தில் கூடைக்கு ‘மாண்ட்’ என்று ஒரு சொல் உண்டு. தானப் பொருளைக் கூடையில் வைத்துக் கொடுத்ததால் வந்த பெயர் என்று அதைக் காட்டி விளக்கியவர்களும் இருந்தார்கள். ஒலி ஒத்துப்போகிறதே தவிர வரலாறு ஒத்துப்போகவில்லை. சொல் வந்த வீடு யோவான் நற்செய்தியின் 13ஆம் அதிகாரம்.

அங்கே இயேசு பந்தியிலிருந்து எழுந்து, மேலாடையைக் கழற்றி வைத்து, இடுப்பில் துணி கட்டி, பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றிச் சீடர்களின் காலைக் கழுவுகிறார். பேதுரு காலை நீட்ட மறுக்கிறார். கழுவாவிட்டால் என்னோடு உனக்குப் பங்கில்லை என்று இயேசு சொன்ன பிறகு, கையையும் தலையையும்கூடக் கழுவச் சொல்லிக் கேட்கிறார். நான் உங்களிடம் அன்பாயிருந்ததுபோல நீங்களும் ஒருவரிடம் ஒருவர் அன்பாயிருங்கள் என்ற புதிய கட்டளை இதற்கெல்லாம் பிறகுதான் வருகிறது. அந்தக் கட்டளையின் லத்தீன் பெயர்தான் மாந்தாத்தும்.

இந்த வரிசை எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. முதலில் தண்ணீர், பிறகு கட்டளை. யூதாஸ் எழுந்து இருட்டில் வெளியேறுவது கால் கழுவி முடிந்த பிறகு என்பதையும் யோவான் சொல்லியிருக்கிறார். காட்டிக்கொடுக்கப் போகிறவனின் காலும் அந்தக் கைகளில் இருந்தது. தகுதி பார்த்திருந்தால் அந்த இரண்டு கால்கள் விடுபட்டிருக்கும். கிருபை என்று கிறிஸ்தவர்கள் சொல்வதை விளக்க எத்தனையோ நூல்கள் வந்திருக்கின்றன. எனக்கு அந்த இரண்டு கால்கள் போதும். அயலானை நேசி என்பது லேவியராகமத்திலேயே இருக்கிற பழைய சட்டம். அங்கே அளவு, உன்னைப்போல. இங்கே அளவு, நான் உங்களிடம் இருந்ததுபோல. பெற்றுக்கொண்டவனிடம்தான் இப்படிச் சொல்ல முடியும். பேதுரு காலை நீட்டியே ஆகவேண்டியிருந்தது அதனால்தான்.

தமிழில் இந்த இடத்துக்குப் பழைய விவிலிய மொழிபெயர்ப்பும் திருவிவிலியம் என்ற புதிய மொழிபெயர்ப்பும் ‘கட்டளை’ என்ற சொல்லையே பயன்படுத்துகின்றன. இது அதிகாரத்தின் வாசனை மட்டும் வீசும் சொல் என்று நினைத்துவிடக் கூடாது. வள்ளுவர் ‘கட்டளைக்கல்’ என்று சொல்வது பொன்னின் தரம் காட்டும் உரைகல்லை. கட்டளைக் கலித்துறையில் அடிக்கு இத்தனை எழுத்து என்ற கணக்கு உண்டு. நேரசையில் தொடங்கினால் 16, நிரையசையில் தொடங்கினால் 17. ஆக, கட்டளை என்பது அளவு, தரம் காட்டும் கருவி. இன்னொரு பொருள் கோயில்களில் உயிரோடு இருக்கிறது. அர்த்தசாமக் கட்டளை, அன்னதானக் கட்டளை என்பார்கள். ஒருவர் நிலமோ பொருளோ எழுதிவைத்து, அதன் வருவாயிலிருந்து இன்ன தொண்டு தவறாமல் நடக்க வேண்டும் என்று ஏற்பாடு செய்துவிட்டுப் போவார். சைவ மடங்களில் அதை மேற்பார்க்கக் கட்டளைத் தம்பிரான் இருப்பார். செய் என்ற சொல்லும் செய்வதற்கான முதலும் இங்கே ஒரே சொல்லுக்குள் இருக்கின்றன. தொண்டு செய்கிறவர் தன் கைக்காசைப் போடுவதில்லை. முன்பே வைத்துவிட்டுப் போனதை எடுத்துச் செய்கிறார். பெரிய வியாழனின் கட்டளையை இந்தப் பொருளில் படித்துப் பார்க்கும்போது, கீழ்ப்படிதலுக்கும் கிருபைக்கும் நடுவே நாம் போட்டுவைத்திருக்கும் வேலி இருக்கும் இடம் தெரியவில்லை. லத்தீன்காரருக்கு இந்த வசதி கிடைக்கவில்லை.

ஆனால் லத்தீன் வேறொரு வழியில் அதே இடத்துக்கு வந்து சேர்ந்தது. துறவியர் மடங்களில் மாந்தாத்தும் என்ற சொல், கட்டளையை விட்டு, கால் கழுவும் செயலுக்கே பெயரானது. தமிழ்க் கத்தோலிக்கர் ஆசீர்வாதப்பர் என்று அழைக்கும் புனித பெனடிக்ட், 6ஆம் நூற்றாண்டில் இத்தாலியில் தம் மடத்துக்கு ஒழுங்கு எழுதினார். அதன் 35ஆம் அதிகாரம் சமையற்கட்டு முறையைப் பற்றியது. வாரம் ஒருவராக எல்லாரும் சமையற்கட்டில் வேலை செய்ய வேண்டும். சனிக்கிழமை, முறை முடிகிறவரும் தொடங்குகிறவரும் சேர்ந்து மடத்தார் அனைவரின் காலையும் கழுவ வேண்டும். கை கால் துடைத்த துணிகளைத் துவைத்து, பாத்திரங்களைச் சுத்தமாக எண்ணி ஒப்படைக்க வேண்டும். 53ஆம் அதிகாரம் விருந்தினரின் காலை மடாதிபதியும் மடத்தாரும் கழுவ வேண்டும் என்கிறது.

எனக்கு இந்த ஒழுங்கின் மேல் பெரிய மரியாதை உண்டு. அன்பு பொங்கும்போது கழுவு என்று அது சொல்லவில்லை. சனிக்கிழமை வந்தால் கழுவு என்கிறது. அந்த வாரம் யாரோடு சண்டையோ, யார் முகத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லையோ, அவர் காலும் வரிசையில் வரும். விரலிடுக்கில் அழுக்கும் குதிகாலில் வெடிப்பும் எல்லாருக்கும் ஒன்றுதான். மனம் பின்னால் வரட்டும், கை முன்னால் போகட்டும் என்பது அந்த ஒழுங்கின் கணக்கு. அன்பைக் கட்டளையிட முடியுமா என்ற பழைய கேள்விக்கு நான் கண்ட நேர்மையான பதில் இதுவே.

இங்கிலாந்து மடங்களில் 10ஆம் நூற்றாண்டளவில் இந்தக் கால் கழுவல் நாள்தோறும் மூன்று ஏழைகளின் காலைக் கழுவி உணவு கொடுக்கும் வழக்கமாகவும் விரிந்தது. மறப்பதும் அதற்கு முன்பே நடந்திருக்கிறது. ஸ்பெயினில் தொலேதோவில் 694இல் கூடிய ஆயர் சங்கம் பெரிய வியாழனன்று கால் கழுவுவதைக் கட்டாயமாக்கியது. கட்டாயமாக்க வேண்டியிருந்தது என்பதிலேயே செய்தி இருக்கிறது.

மடத்திலிருந்து அரண்மனைக்குப் போனபோது சொல்லின் அடுத்த பயணம் தொடங்கியது. இங்கிலாந்து மன்னர் ஜான் 1213இல் ரோசெஸ்டரில் 13 ஏழைகளுக்கு ஆளுக்கு 13 பென்ஸ் கொடுத்தார். 1556இல் அரசி மேரி 41 ஏழைப் பெண்களின் கால்களைக் கழுவியதை நேரில் பார்த்த இத்தாலியர் ஒருவரின் கடிதம் இருக்கிறது. நீண்ட துணியை முன்னால் கட்டிக்கொண்டு, மண்டபத்தின் ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை அரசி முழங்காலிலேயே நகர்ந்து கழுவி, துடைத்து, முத்தமிட்டார். அந்தக் கால்கள் முன்பே வேலையாட்களால் கழுவப்பட்டவை என்பதையும் சொல்ல வேண்டும். அரசிக்கு அழுக்கு மிச்சம் வைக்கப்படவில்லை. ஆனாலும் முழங்கால் அவருடையதுதான். அதை நான் குறைத்து மதிப்பிட மாட்டேன். 17ஆம் நூற்றாண்டின் இறுதியில், இரண்டாம் ஜேம்ஸுக்குப் பிறகு, அரசர்கள் கழுவுவதை நிறுத்தினார்கள். தானத்துக்குப் பொறுப்பான குருக்கள் அவர்களுக்குப் பதிலாகச் சில காலம் செய்தார்கள். 18ஆம் நூற்றாண்டில் அதுவும் நின்றது. காசு மட்டும் மிஞ்சியது. இன்றும் அந்தச் சடங்கில் தானப் பொறுப்பாளர் தோளிலிருந்து இடுப்புக்கு வெள்ளைத் துணி கட்டி வருகிறார். யாருடைய காலும் அதனால் துடைக்கப்படுவதில்லை.

கத்தோலிக்கத் திருச்சபையில் சொல் பழைய பொருளிலேயே நின்றது. திருத்தந்தை 12ஆம் பத்திநாதர் 1955இல் புனித வார வழிபாட்டைச் சீர்திருத்தியபோது கால் கழுவுவதை மாலைத் திருப்பலிக்குள் கொண்டுவந்தார். அதனால் அது பங்குக் கோயில்களுக்கும் பரவியது. தேர்ந்தெடுத்த ஆண்களின் கால் என்பது அப்போதைய விதி. 2013இல் திருத்தந்தை பிரான்சிஸ் ரோமில் சிறார் சிறை ஒன்றுக்குப் போய்ப் பன்னிரண்டு பேரின் காலைக் கழுவினார். அவர்களில் பெண்களும் இருந்தார்கள், இஸ்லாமியரும் இருந்தார்கள். 2016இல் விதியே மாற்றி எழுதப்பட்டது. இறைமக்கள் யாராயினும் ஆகலாம் என்றானது.

தமிழ்நாட்டில் இந்தக் காட்சிக்கு வேறெங்கும் இல்லாத ஒரு கனம் உண்டு. யோவான் சொல்லும் துணியைப் பழைய மொழிபெயர்ப்பு ‘சீலை’ என்றும் திருவிவிலியம் ‘துண்டு’ என்றும் சொல்கின்றன. தோளில் கிடக்கும் துண்டை எடுத்து இடுப்பில் கட்டுவது என்றால் என்ன என்று நம் ஊரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஆதிக்க சாதியார் எதிரே வரும்போது ஒடுக்கப்பட்டவர்கள் அப்படித்தான் நிற்க வைக்கப்பட்டார்கள். இயேசு கட்டிக்கொண்டது அந்தத் துண்டு. நெல்லைச் சீமையின் வடக்கன்குளத்தில் 19ஆம் நூற்றாண்டில் எழுந்த கத்தோலிக்கக் கோயிலோ பீடத்தில் சேரும் இரண்டு நீள மண்டபங்களாகக் கட்டப்பட்டது, சாதிக்கு ஒன்று என்று. நடுவே இருந்த தடுப்பு 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அகற்றப்பட்டது; பெரும் எதிர்ப்பும் வழக்கும் தொடர்ந்தன. ஒரே கட்டளையை இரண்டு மண்டபங்களில் பிரிந்து உட்கார்ந்து கேட்டிருக்கிறார்கள்.

இன்று நம் பங்குகளில் பன்னிரண்டு நாற்காலி போடும்போது யாரைக் கூப்பிடுகிறார்கள் என்பதை நான் ஆர்வத்தோடு பார்ப்பதுண்டு. ஊர்ப் பெரியவர்கள், பங்குப் பேரவை உறுப்பினர்கள், வெள்ளை வேட்டிக்காரர்கள் என்றால் வருத்தமாக இருக்கிறது. அவர்கள் காலைக் கழுவ ஏற்கெனவே ஆள் உண்டு. கல்லறைக் குழி வெட்டுகிறவரும், சாக்கடை அள்ளுகிறவரும், பங்கு மக்கள் பேச்சுவார்த்தை நிறுத்திவிட்ட குடும்பத்து ஆளும் அந்த நாற்காலியில் உட்காரட்டும். தண்ணீர் ஊற்றும் குருவுக்கு அடுத்தாற்போல், துண்டைப் பிடித்துக்கொண்டு அந்தப் பெரியவர்கள் நிற்கட்டும்.