சோனிக் விஷுவலைசர்

சோனிக் விஷுவலைசர், இசைப்பதிவுகளைக் கண்ணால் பார்த்து ஆராய உதவும் திறமூல மென்பொருள். லண்டன் குயின் மேரி பல்கலைக்கழகத்தின் எண்ணிம இசை மையத்தில் உருவானது. முதன்மை நிரலாளர் கிறிஸ் கேனம். பாட்டை வெட்டி ஒட்டுவதும் கலப்பதும் இதன் வேலை அல்ல. பதிவை அப்படியே வைத்துக்கொண்டு, அதன்மேல் அலைவடிவம், நிறமாலை, சுருதிக்கோடு, தாளக்குறிகள், குறிப்புரை ஆகியவற்றை அடுக்கடுக்காக இட்டுப் பார்க்கலாம், பார்த்துக்கொண்டே கேட்கலாம்.

முன்னோடிகள்

ஒலியைக் கோடாக வரையும் எண்ணம் ஒலிப்பதிவைவிட மூத்தது. பாரிஸில் அச்சுத்தொழிலில் இருந்த எதுவார்-லெயோன் ஸ்கோத் 1857இல் ஃபோனாட்டோகிராஃப் என்ற கருவிக்குக் காப்புரிமை பெற்றார். புகைக்கரி படிந்த தாளில் ஒலியின் அதிர்வை ஒரு நுண்ணிய முள் கீறிச் செல்லும். கீறியதைத் திரும்ப ஒலிக்கச் செய்யும் நோக்கம் அவருக்கு இல்லை. கண்ணால் படிப்பதற்கென்றே வரைந்தார். எடிசனின் ஃபோனோகிராஃப் வர இன்னும் இருபது ஆண்டுகள் இருந்தன. 1860இல் ஸ்கோத் கீறிவைத்த பிரெஞ்சு நாட்டுப்பாடல் ஒன்றை அமெரிக்க ஆய்வாளர்கள் 2008இல் கணினி வழியே ஒலிக்கச் செய்தனர். முதலில் அது ஒரு பெண்ணோ சிறுமியோ பாடுவதுபோல் கேட்டது. வேகத்தை இருமடங்காகக் கணக்கிட்டுவிட்டதாக அடுத்த ஆண்டே கருதப்பட்டது. சரியான வேகத்தில் அது நிதானமாகப் பாடும் ஓர் ஆணின் குரல். பெரும்பாலும் ஸ்கோத்தின் குரலாகவே இருக்க வேண்டும்.

1940களில் பெல் ஆய்வகம் பேச்சை நிறமாலைப் படமாக்கும் கருவியை உருவாக்கியது. நாட்டார் இசை ஆய்வில் மெலோகிராஃப் என்ற சுருதி வரையும் கருவி 1950களில் வந்தது. அமெரிக்காவில் சார்லஸ் சீகர், ஆஸ்லோவில் ஓலாவ் குர்வின் குழு, ஜெருசலேமில் டாலியா கோஹனும் ரூத் காட்ஸும் என மூன்று இடங்களில் ஏறத்தாழ ஒரே காலத்தில் இம்முயற்சி நடந்ததால், யாரை முதல்வர் என்பது எதைக் ‘கருவி’ என்று கொள்கிறோம் என்பதைப் பொறுத்தது. 1980களில் பம்பாயின் தேசிய நிகழ்கலை மையத்தில் பெர்னார்ட் பெல், ஜிம் ஆர்னல்ட் ஆகியோரின் கருவி இந்துஸ்தானி ராகங்களின் சுர அசைவை ஆராய்ந்தது. பேச்சொலி ஆய்வுக்காக ஆம்ஸ்டர்டாமில் 1990களில் எழுதப்பட்ட பிராட் மென்பொருளையும் இசை ஆய்வாளர்கள் எடுத்துப் பயன்படுத்தினர்.

உருவாக்கமும் அமைப்பும்

கனடாவின் விக்டோரியா நகரில் 2006இல் நடந்த இசைத்தகவல் மீட்பு மாநாட்டில் கேனம், லாண்டோன், சாண்ட்லர், பெல்லோ ஆகியோர் சோனிக் விஷுவலைசரை அறிமுகப்படுத்தினர். இதற்கெனவே வகுக்கப்பட்ட வேம்ப் என்ற செருகுநிரல் முறைதான் இதன் முதுகெலும்பு. தாளத்தைக் கண்டறிவது, ஸ்வரக்கோர்வையை ஊகிப்பது போன்ற கணக்குகளை வெளியார் எழுதி இணைக்கலாம். முடிவுகள் புதிய அடுக்குகளாகப் பதிவின்மேல் வந்து படியும்.

நிறமாலையை வரையும்போது ஒன்றைப் பெற ஒன்றை விட்டுக்கொடுக்க வேண்டும். நொடிக்கு 44,100 மாதிரிகள் கொண்ட குறுந்தகட்டுப் பதிவை 1,024 மாதிரிகள் கொண்ட துண்டுகளாக அலசினால், ஒவ்வொரு துண்டும் 23 மில்லிநொடி. அதிர்வெண் கட்டங்களோ 43 ஹெர்ட்ஸ் அகலம். ஒரு கட்டை சுருதியில் மந்தரத்தை ஒட்டிய சட்ஜம் சுமார் 131 ஹெர்ட்ஸ். அதற்கும் சுத்த ரிஷபத்துக்கும் இடைவெளி ஏறத்தாழ 8 ஹெர்ட்ஸ்தான். ஆகவே இரண்டும் ஒரே கட்டத்துக்குள் கரைந்துபோகும். துண்டை 8,192 மாதிரிகளாக நீட்டினால் கட்டம் 5.4 ஹெர்ட்ஸாகக் குறுகி ஸ்வரங்கள் பிரியும். ஆனால் துண்டு 186 மில்லிநொடியாக நீள்வதால் மிருதங்கத்தின் சொற்கள் ஒன்றன்மேல் ஒன்று பூசிக்கொள்ளும். எதைப் பார்க்க வேண்டும் என்று முன்கூட்டியே தெரிந்தவருக்கே படம் பேசும்.

மஸூர்கா ஆய்வு (2004–2009)

இம்மென்பொருளின் வரலாற்றில் விரிவாகப் பதிவானது, இங்கிலாந்தில் இயங்கிய ‘ஒலிப்பதிவு இசையின் வரலாறு, பகுப்பாய்வு மைய’த்தின் காலம். ராயல் ஹாலோவே கல்லூரியைத் தலைமையிடமாகக் கொண்டு நிக்கோலஸ் குக் இயக்கிய இம்மையம், ஷோபானின் மஸூர்காக்களைப் பல பியானோக் கலைஞர்கள் வாசித்த பதிவுகளைத் திரட்டி ஒப்பிட்டது. கணக்குப் பணியைக் கிரெய்க் சாப் ஏற்றார். சோனிக் விஷுவலைசருக்கான செருகுநிரல்களையும் அவர் எழுதினார்.

மஸூர்காவைத் தேர்ந்தது பொருத்தமானது. மூன்று தட்டு கொண்ட இந்தப் போலந்து நடனத்தில் தட்டுகள் சமமாக விழுவதில்லை. இரண்டாவதோ மூன்றாவதோ நீளும். எவ்வளவு நீளும் என்பதில்தான் வாசிப்பவரின் கை தெரியும். ஷோபானே வாசித்தபோது நான்கு தட்டுபோல் கேட்டது என்று பியானோக் கலைஞர் சார்ல்ஸ் ஹாலே எழுதியிருக்கிறார். ஷோபான் முதலில் மறுத்தாராம். ஹாலே உரக்க நான்கு எண்ணிக் காட்டியதும் சிரித்து, அது அந்நடனத்தின் தேசிய இயல்பு என்றாராம். இசையமைப்பாளர் மெயர்பேர் இது இரண்டு தட்டு என்று வாதிட, ஷோபான் கடுங்கோபம் கொண்டதாக அவரிடம் பயின்ற லென்ஸ் கூறுகிறார். இரண்டும் பின்னாளில் நினைவிலிருந்து எழுதப்பட்டவை. நூற்றாண்டுக்கும் மேலாக வாய்வழக்காக இருந்த இந்த வழக்கை அளந்து பார்க்கும் வசதி இப்போதுதான் கிடைத்தது.

அளக்கும் முறை எளிது, பொறுமை வேண்டும். பதிவு ஓடும்போது ஒவ்வொரு தட்டுக்கும் கணினியின் ஒரு விசையைத் தட்ட வேண்டும். தட்டிய இடத்தில் திரையில் செங்குத்துக்கோடு விழும். விரல் காதைவிடச் சற்றே முந்தும் அல்லது பிந்தும். ஆகவே நிறமாலையைப் பெரிதாக்கி, சுத்தியல் கம்பியைத் தொட்ட இடத்துக்கு ஒவ்வொரு கோட்டையும் நகர்த்த வேண்டும். நகர்த்திய பின், கோடுகளில் டிக் ஒலி கேட்கும்படி மீண்டும் ஓட்டிச் சரிபார்ப்பார்கள். சில நிமிட வாசிப்புக்கு நூற்றுக்கணக்கான கோடுகள். தானாகத் தாளம் கண்டறியும் செருகுநிரல்கள் இருந்தும், இவ்வளவு நெகிழும் காலப்பிரமாணத்தில் அவை தடுமாறியதால் மனிதக் கையே நம்பப்பட்டது. ஒரு பதிவைக் கேட்பதற்கு இதைவிட நெருக்கமான வழி அரிது.

இந்த அளவீடுகளில் ஒரு விந்தை தெரிந்தது. 2006இல் மறைந்த ஆங்கிலேய பியானோக் கலைஞர் ஜாய்ஸ் ஹாட்டோவின் மஸூர்கா வாசிப்பு, யூஜின் இன்ஜிச்சின் பதிவோடு தட்டுக்குத் தட்டு பொருந்தியது. ஒரே கலைஞர் ஒரே உருப்படியை இருமுறை வாசித்தால்கூட அப்படிப் பொருந்தாது. ஹாட்டோவின் பெயரில் அவருடைய கணவரின் நிறுவனம் நூற்றுக்கும் மேற்பட்ட குறுந்தகடுகளை வெளியிட்டிருந்தது. விமர்சகர்கள் அவற்றைப் பெரிதும் போற்றியிருந்தனர். ஏறத்தாழ அதே காலத்தில், ஹாட்டோ வாசித்ததாக வெளிவந்த, இசையமைப்பாளர் லிஸ்ட்டின் தகடு ஒன்றைக் கணினியில் இட்டபோது, தகடுகளை அடையாளம் காட்டும் தரவுத்தளம் வேறொரு பியானோக் கலைஞரான லாஸ்லோ ஷிமோனின் பெயரைக் காட்டியது. 2007 பிப்ரவரியில் கிராமஃபோன் இதழ் செய்தியை வெளியிட்டது. முதலில் மறுத்த கணவர் வில்லியம் பாரிங்டன்-கூப், நோயுற்ற மனைவிக்காகவே பிறர் பதிவுகளைக் கலந்ததாகப் பின்னர் ஒப்புக்கொண்டார். ஹாட்டோவுக்கு இது எவ்வளவு தெரியும் என்பதில் கருத்து ஒன்றுபடவில்லை. மோசடி வெளிப்பட்டதில் கூடிய பங்கு தரவுத்தளத்துக்கா அளவீட்டுக்கா என்பதிலும் சொல்பவரைப் பொறுத்துக் கதை மாறுகிறது. இரண்டும் தனித்தனியே ஒரே முடிவுக்கு வந்தன என்பதே பாதுகாப்பான கூற்று.

அதே மையத்தைச் சேர்ந்த டேனியல் லீச்-வில்கின்சன், பழைய பாடகர்களின் குரல் அசைவையும் வழுக்கலையும் இப்படங்களின் வழியே ஆராய்ந்தார். குக்குடன் சேர்ந்து இசையியலாளர்களுக்கான பயன்பாட்டுக் கையேடும் எழுதினார்.

இந்திய இசையில்

பார்சிலோனாவின் பொம்பேயு ஃபப்ரா பல்கலைக்கழகத்தில் ஷாவியேர் செர்ரா தலைமையில் 2011இல் தொடங்கிய காம்ப்மியூசிக் என்ற கணினிவழி இசை ஆய்வுத் திட்டம் கர்நாடக இசையையும் இந்துஸ்தானி இசையையும் எடுத்துக்கொண்டது. சென்னை ஐஐடி அதில் பங்கேற்றது. அதே பல்கலைக்கழகத்தில் ஜஸ்டின் சாலமன் உருவாக்கிய மெலோடியா என்ற வேம்ப் செருகுநிரல், பக்கவாத்தியங்களுக்கு நடுவிலிருந்து முதன்மைச் சுருதியைப் பிரித்து வரைகிறது. கச்சேரிப் பதிவில் வயலின் பாடகரை ஒட்டியே தொடர்வதால், கோடு சில வேளை குரலை விட்டு வயலினைப் பற்றிக்கொள்ளும். தோடியின் காந்தாரம் போன்ற கமக ஸ்வரத்தில் கோடு ஓரிடத்திலும் நிற்பதில்லை. அந்த அசைவை எந்த ஸ்வரமாகக் கொள்வது என்பது கேட்பவரின் பயிற்சியில் இருக்கிறது. கோட்டை மட்டும் வைத்து அதைத் தீர்ப்பது சரியல்ல.

பிற்காலம்

தனிக்குரலின் சுருதியைக் குறிப்பதற்கான டோனி என்ற மென்பொருள் 2015இல் வந்தது. பல பதிவுகளை அருகருகே ஒப்பிடும் சோனிக் லைன்அப் அதற்குப் பின் வந்தது. முதன்மை மென்பொருளின் மூன்றாம் பதிப்பு 2017இல் வெளியானது. விண்டோஸ், மேக், லினக்ஸ் ஆகிய மூன்றிலும் இயங்கும் இது குனூ பொது உரிமத்தின்கீழ் இலவசமாகக் கிடைக்கிறது.