வேலை தெரியாதவருக்குக் கைகொடுத்தல்: இணையத்தில் ஒரு ஸதகாவின் வரலாறு

 

சில வாரங்களுக்கு முன் மக்ரிப் தொழுகைக்குப் பின் ஒரு தந்தை தம் மகனை அழைத்துக்கொண்டு நம்மிடம் வந்தார். மகன் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு கணினி அறிவியல் பயில்பவன். "ஹஜ்ரத், இவனுக்கு நீங்கதான் புத்தி சொல்லணும். ராத்திரியெல்லாம் யார் யாருடைய வெப்சைட்டையோ சரி பண்ணிக் கொடுக்கிறான். ஒரு பைசா வாங்குறதில்ல. அவங்க யாரு, எந்த ஊரு, என்ன மார்க்கம், ஒண்ணும் தெரியாது" என்றார். மகன் தலைகுனிந்து நின்றான்.

அவன் செய்யும் வேலை என்னவென்று கேட்டோம். ஒருவருடைய இணையதளம் திடீரென வெறும் வெள்ளைப் பக்கமாக நின்றுவிடுகிறது. அவர் சிறுகடை நடத்துபவராகவோ ஆசிரியராகவோ இருப்பார். என்ன செய்வதென்று தெரியாமல் உதவி கேட்டு எழுதுகிறார். இவன் தளத்தில் சேர்க்கப்பட்ட செருகுநிரல்களை ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்க்கச் சொல்கிறான். பழுதுக்குக் காரணமானதை நிறுத்தியதும் தளம் மீண்டுவிடுகிறது. அவர் நன்றி சொல்லிச் சென்றுவிடுகிறார். இருவரும் மீண்டும் சந்திப்பதில்லை.

தந்தையின் கவலையில் நியாயம் இருந்தது. ஆயினும் அவருக்கு நாம் சொன்ன பதில், சற்று நீண்ட ஒரு வரலாறாக அமைந்தது. அதையே இங்கு விரித்து எழுதுகிறோம்.

நபிமொழி காட்டும் தொடக்கம்

அபூதர் (ரலி) அவர்கள் நற்செயல்களில் சிறந்தது எது என்று அண்ணல் நபி (ஸல்) அவர்களிடம் கேட்ட செய்தி புகாரி, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் இடம்பெற்றுள்ளது. ஈமான், அறப்போர், அடிமையை விடுதலை செய்தல் என்று பதில் வருகிறது. அவற்றைச் செய்ய இயலாவிட்டால் என்ன செய்வது என்று அவர்கள் மேலும் வினவியபோது, தொழில் செய்பவருக்குத் துணைசெய்வதையும், வேலை தெரியாதவருக்கு அதைச் செய்து கொடுப்பதையும் பெருமானார் (ஸல்) சுட்டிக்காட்டினார்கள். வேலை தெரியாதவர் யார், எந்தக் குலத்தவர் என்ற நிபந்தனை எதுவும் அங்கே இல்லை.

திருக்குர்ஆனின் 28ஆம் அத்தியாயமான அல்கஸஸில் மூஸா (அலை) அவர்களின் வரலாற்றைக் காண்கிறோம். எகிப்திலிருந்து உயிருக்கு அஞ்சி வெளியேறி, மத்யன் நகரின் நீர்த்துறையை அடைகிறார்கள். அங்கே இரு பெண்கள் தம் ஆடுகளுக்குத் தண்ணீர் புகட்ட முடியாமல் ஒதுங்கி நிற்கிறார்கள். மூஸா (அலை) காரணத்தைக் கேட்டறிந்து, தண்ணீர் புகட்டிக் கொடுத்துவிட்டு, கூலி எதுவும் கேட்காமல் நிழலுக்குச் சென்றுவிடுகிறார்கள். தம் தேவையை அல்லாஹ்விடம் மட்டுமே முறையிடுகிறார்கள். முகமறியாதவருக்கு உதவுவதன் ஒழுங்கு முழுவதும் இந்த நிகழ்வில் அடங்கியிருக்கிறது: பிரச்சினை என்னவென்று முதலில் கேட்டல், செய்து கொடுத்தல், விலகிச் செல்லுதல்.

இணையத்தின் அடித்தளத்தில் இருந்த கைகள்

இன்று நாம் காணும் இணையம் பெருநிறுவனங்களால் மட்டுமே எழுந்தது என்று பலர் எண்ணுகின்றனர். வரலாறு அவ்வாறு இல்லை. 1990களின் தொடக்கத்தில், இணையதளப் பக்கங்களைக் கேட்பவருக்கு எடுத்து வழங்கும் 'வழங்கி' மென்பொருள்களில் மிகுதியாகப் பயன்பட்டது, அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ராப் மெக்கூல் என்பவர் உருவாக்கியது. 1994ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் அவர் அங்கிருந்து விலகிச் செல்ல, அம்மென்பொருளின் வளர்ச்சி நின்றுபோனது. பழுதுகளைச் சொல்ல ஓர் இடமில்லை. திருத்திக் கொடுக்க ஆளில்லை.

தளங்களை நடத்திவந்தோர் பழுதுகளைத் தத்தம் அளவில் சரிசெய்துகொண்டனர். அத்துடன் நின்றிருந்தால் அது சுயநலம் மட்டுமே. 1995 பிப்ரவரியில் அவர்களுள் எட்டுப் பேர் மின்னஞ்சல் வழியாக ஒன்றுகூடி, தாம் செய்த திருத்தங்களை ஒருவருக்கொருவர் பகிர்ந்து, அனைத்தையும் ஒன்றாக இணைத்தனர். அதே ஆண்டு ஏப்ரலில் 'அப்பாச்சி' என்னும் பெயரில் அது பொதுவெளியில் வந்தது. டிசம்பர் 1ஆம் நாள் அதன் 1.0 பதிப்பு வெளியானது. குழு அமைந்து ஓராண்டு நிறைவதற்குள் உலகில் மிகுதியாகப் பயன்படும் வழங்கியாக அது உயர்ந்தது. விலையோ எதுவுமில்லை.

விலையின்றிக் கிடைத்த பொருளுக்கு விளக்கம் சொல்ல அலுவலகம் கிடையாது. ஆகவே அப்பாச்சியைப் பயன்படுத்தத் தெரிந்தவர்கள், தெரியாதவர்களின் கேள்விகளுக்குத் தாமே முன்வந்து பதில் எழுதினர். ஏன் இப்படிச் செய்கிறார்கள் என்று கரீம் லக்கானி, எரிக் வான் ஹிப்பெல் என்னும் இரு ஆய்வாளர்கள் ஆராய்ந்து 2003இல் தம் முடிவுகளை வெளியிட்டனர். உதவி செய்தோர் செலவிட்ட உழைப்பில் 98 விழுக்காடு, அவர்களுக்கே கற்றலாகத் திரும்பியிருந்தது. பிறருடைய கேள்விகளையும் பதில்களையும் படிப்பதிலேயே அவர்களின் நேரத்தில் பெரும்பகுதி கழிந்தது. விடை முன்பே தெரிந்தபோது, அதை எழுதிக் கொடுக்கச் சில நிமிடங்களே ஆயின. தர்மம் செல்வத்தைக் குறைப்பதில்லை என்னும் கருத்தை நபிமொழி வழியாக அறிந்திருக்கும் நமக்கு இம்முடிவு வியப்பளிக்காது. கல்வியும் கொடுக்கக் கொடுக்கக் குறையாத செல்வமே.

தமிழ்ப் பக்கங்கள் படிக்க இயலாமல் கிடந்த காலம்

தமிழ் இணையத்திற்கும் இத்தகைய ஒரு வரலாறு உண்டு. நம் பிள்ளைகள் பலர் அதை அறியமாட்டார்கள். 1990களின் இறுதியில் ஒரு தமிழ்த் தளத்தைத் திறந்தால், எழுத்துகளுக்குப் பதில் பொருளற்ற குறிகளே பெரும்பாலும் தென்படும். காரணம் எளிது. ஒவ்வொரு தளமும் தனக்கென ஓர் எழுத்துருவை வைத்திருந்தது. கணினி எழுத்துகளை எண்களாகவே சேமிக்கிறது. ஓர் எழுத்துருவில் 'க' என்று தோன்றிய எண், மற்றொன்றில் வேறோர் எழுத்தாகத் தோன்றியது. அந்தத் தளத்தின் எழுத்துரு வாசகரின் கணினியில் இல்லையெனில் படிக்க வழியில்லை.

உலக மொழிகளின் ஒவ்வோர் எழுத்துக்கும் தனித்தனி எண் வழங்கும் 'ஒருங்குறி' முறை 1991லேயே வெளிவந்து, தமிழுக்கும் 128 இடங்களை ஒதுக்கியிருந்தது. ஆனால் விண்டோஸ் 98 போன்ற பழைய கணினிகள் அதைச் சரியாகக் காட்டவில்லை. இந்த இடைவெளியை நிரப்பியவர்களில் பலர் ஊதியமின்றி உழைத்த தனிமனிதர்கள். தமிழ் தட்டச்சுக்கு 'எ-கலப்பை', பழைய எழுத்துருக்களிலிருந்து ஒருங்குறிக்கு மாற்றப் 'பொங்குதமிழ்' என்று ஒவ்வொன்றும் இலவசமாகவே மக்களை வந்தடைந்தன.

அந்த வரிசையில் நம் சமுதாயத்தைச் சேர்ந்த ஒருவரின் பெயரும் இடம்பெற்றிருக்கிறது. அவர், தஞ்சை மாவட்டத்தின் அதிராம்பட்டினத்தில் 1953இல் பிறந்த உமர்தம்பி. வளைகுடாவில் பணியாற்றி ஊர் திரும்பியவர். அவர் 'தேனீ' என்னும் இயங்கு எழுத்துருவை உருவாக்கினார். எழுத்துரு வாசகரின் கணினியில் இருக்க வேண்டியதில்லை, தளத்திலேயே இருக்கும், பக்கம் திறக்கும்போது அதனுடன் வந்து சேரும். தம் தளம் வாசகருக்குத் தெரியவில்லையே என்று தவித்தவர்களுக்கு அது பெருந்துணையானது. தேனீ ஒருங்குறி எழுத்துருவும் வேறு பல கருவிகளும் அவரிடமிருந்து வந்தன. அவற்றை அவர் விற்கவில்லை. 2006 ஜூலையில் இறைவனடி சேர்ந்தார். 2010இல் கோவையில் நடந்த செம்மொழி மாநாட்டை ஒட்டிய தமிழ் இணைய மாநாட்டில் ஓர் அரங்கு அவர் பெயரைத் தாங்கி நின்றது.

மனிதன் மரித்தபின்னும் முடிவடையாத மூன்று செயல்களில், பிறர் பயன்பெறும் கல்வியும் ஒன்று என்பதை நாம் மதரஸாவில் ஆண்டுதோறும் பாடமாக நடத்துகிறோம். கல்வி என்றவுடன் மாணவர்கள் கிதாபுகளையே நினைக்கின்றனர். அதிராம்பட்டினத்து எழுத்துருவையும் அவர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டும்.

இச்செயலுக்கும் ஒழுங்குகள் உண்டு

இவ்வாறு சொன்னதும் மகனின் முகம் மலர்ந்தது. உடனே அவன் பக்கம் திரும்பினோம்.

முதலாவது, நிய்யத். நன்றிச் சொற்களையும் புகழையும் எண்ணிச் செய்தால் அது முகஸ்துதியாகிவிடும். இரண்டாவது, அமானிதம். தளம் பழுதான பதற்றத்தில் சிலர் கடவுச்சொல்லையே அனுப்பிவிடுவார்கள். அதைப் பயன்படுத்தாமல், உடனே மாற்றிக்கொள்ளும்படி அறிவுறுத்துவதே முஃமினுக்கு அழகு. எதையும் மாற்றும் முன் தளத்தின் நகலை எடுத்து வைக்கச் சொல்வதும் இதில் சேரும்.

மூன்றாவது, தெரியாததைத் தெரியாது என்று சொல்லுதல். இமாம் மாலிக் (ரஹ்) அவர்களிடம் 48 கேள்விகள் கேட்கப்பட்டபோது, 32க்குத் தெரியாது என்றே விடையளித்ததாகக் குறிப்புகள் கூறுகின்றன. அவர்களுக்கு இல்லாத வெட்கம் நமக்கு எதற்கு? தவறான ஒரு விடை, ஒரு கடைக்காரரின் பல ஆண்டு உழைப்பை அழித்துவிடக் கூடும். நான்காவது, கேட்பவரை இழிவுபடுத்தாமை. இதுகூடத் தெரியாதா என்று ஏளனம் செய்தால், செய்த தர்மம் வீணாகும். சொல்லிக் காட்டுவதாலும் நோவினை செய்வதாலும் தர்மம் பாழாகும் என்று அல்பகரா அத்தியாயம் நம்மை எச்சரிக்கிறது.

ஐந்தாவதே அந்தத் தந்தையின் உரிமை. உபரியான ஓர் அமல், கடமைகளை விழுங்கிவிடக் கூடாது. இரவெல்லாம் விழித்திருந்து ஃபஜ்ரைத் தவறவிட்டால், பிறருடைய தளத்தைச் சரிசெய்து தன் நாளைப் பழுதாக்கிக்கொள்வதாகவே முடியும். பாடமும் பெற்றோரின் பணியும் முன்னே நிற்கின்றன.

இறுதியில், நாளொன்றுக்கு இஷாவுக்குப் பின் ஒரு மணி நேரம் என்று இருவரும் உடன்பட்டனர். புறப்படும்போது தந்தை தயங்கியபடி, "ஹஜ்ரத், நம்ம ஜமாஅத் வெப்சைட் ஆறு மாசமா திறக்கவே மாட்டேங்குது. அதையும் பார்க்கச் சொல்லலாமா?" என்று கேட்டார். அதை ஒருவரும் இவனிடம் கேட்கவில்லை. இவனும் முன்வந்து சொல்லவில்லை. முகமறியாதவருக்கு நீளும் கை, அண்டை வீட்டாருக்கும் நீள வேண்டும் என்று இருவருக்கும் பொதுவாகச் சொல்லி அனுப்பினோம்.

வல்ல அல்லாஹ், நாம் கற்றதைப் பிறருக்குப் பயனுள்ளதாக ஆக்கி, நம் பிள்ளைகளின் கைகளில் பரக்கத்தை அருள்வானாக! ஆமீன்.