மயக்கம் கொடுத்து எண்டோஸ்கோபியா? மூச்சு விஷயத்தில் இதையெல்லாம் மறந்துடாதீங்க!

ஜவ்வாது மலை ஜமுனாமரத்தூரில் இருந்து அம்மாவையோ அப்பாவையோ எண்டோஸ்கோபிக்காக திருவண்ணாமலைக்கோ வேலூருக்கோ அழைச்சுட்டுப் போறீங்களா? 'லேசா தூங்க வைக்கத்தானே போறாங்க'ன்னு அசட்டையா இருக்காதீங்க. மயக்க மருந்து தொண்டைத் தசைகளைத் தளர்த்தும், மூச்சையும் மந்தமாக்கும். டாக்டர் பார்த்துக்கொள்வார்தான். ஆனால், உங்கள் பங்கும் இருக்கிறது.

போளூர் டீ வேண்டாம்!

விடியற்காலையில் கிளம்பி, போளூரில் பஸ் மாறும்போது ஒரு டீ குடிக்கத் தோணும். பால் டீயும் சாமைக் கஞ்சியும் உணவுக் கணக்குதான். வயிற்றில் இருப்பது மேலேறி நுரையீரலுக்குள் போனால் ஆபத்து. பொதுவான விதி: உணவு, பால் என்றால் 6 மணி நேர இடைவெளி, வெறும் தண்ணீர் என்றால் 2 மணி நேரம். மருத்துவமனை வேறு நேரம் சொன்னால் அதுதான் கணக்கு.

ஏன் இடப்பக்கமாகப் படுக்கணும்?

மல்லாந்து படுத்தால் தளர்ந்த நாக்கு பின்னால் சரிந்து மூச்சுப்பாதையை அடைக்கலாம். ஒருக்களித்துப் படுத்தால் எச்சில், வாந்தி எல்லாம் வாய் வழியாக வெளியே வந்துவிடும். கழுத்து, தோள் வலி இருந்தால் ஊசி போடும் முன்பே சொல்லுங்க.

குறட்டையை மறைக்காதீங்க

சத்தமான குறட்டை, தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருவது, ஆஸ்துமா, தூக்க மாத்திரை, குடிப்பழக்கம்... எதையும் ஒளிக்காமல் சொல்லணும். பல்செட்டைக் கழற்றிடுங்க. நெயில் பாலிஷை அழிச்சிடுங்க. விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டர் சரியாகக் காட்ட அது உதவும். ஆக்சிஜன் கொடுக்கும்போது, மூச்சு குறைந்தாலும் அந்த மீட்டரில் எண் உடனே இறங்காது. அதனால்தான் நெஞ்சு ஏறி இறங்குவதையும் கவனிக்கிறார்கள்.

திரும்பும்போதுதான் கவனம்

முழிச்சுட்டார்னு உடனே கிளம்பாதீங்க. டாக்டர் அனுப்பிய பிறகே புறப்படுங்க. 24 மணி நேரத்துக்கு அவர் பைக் ஓட்டக் கூடாது, பின்சீட்டிலும் வேண்டாம். மலைப்பாதை வளைவில் தூங்கிச் சரிந்துவிடலாம். பஸ்ஸில் தாடை நெஞ்சில் படும்படி தலை தொங்கினால் மூச்சுப்பாதை குறுகும். பக்கத்திலேயே உட்கார்ந்து தலையை நிமிர்த்திப் பிடிங்க. வீட்டில் ஒருக்களித்துப் படுக்க வைங்க.

உதடு நீலமானாலோ, மூச்சு திணறினாலோ, தட்டி எழுப்பியும் எழாவிட்டாலோ தாமதிக்காமல் 108-ஐ அழையுங்கள். மலையில் சில இடங்களில் சிக்னல் கிடைக்காது. அதனால், அன்றைக்கு மட்டும் வேலூரிலோ திருவண்ணாமலையிலோ சொந்தக்காரர் வீட்டில் தங்க முடிந்தால், தங்கிட்டே வாங்க.