இரைப்பைக் கிருமி (ஹெலிகோபாக்டர் பைலோரி)

மனித இரைப்பையின் சளிப்படலத்தில் குடியிருக்கும் திருகு வடிவ பாக்டீரியா. ஊர்ப்பேச்சில் 'அல்சர்' எனப்படும் வயிற்றுப்புண்ணுக்கும் இரைப்பைப் புற்றுநோய்க்கும் முதன்மையான காரணம். யூரியேஸ் எனும் நொதியால் யூரியாவை அம்மோனியாவாக்கித் தன்னைச் சுற்றிலும் அமிலத்தின் கடுமையைத் தணித்துக்கொள்கிறது. பிற கிருமிகள் மடியும் இடத்தில் இது ஆயுள் முழுவதும் தங்கிவிடுவது அதனால்தான். சுமார் 58,000 ஆண்டுகளுக்கு முன் மனிதர்கள் கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்து புறப்பட்டபோதே வயிற்றில் இதைச் சுமந்து வந்தார்கள் என்பது 2007-இல் வெளியான மரபணு ஆய்வின் முடிவு.

தமிழகத்துக்கு வயிற்றுப்புண் பழைய நோய். சித்த மருத்துவம் செரியாமை, எரிச்சல், வலி, வாந்தி ஆகியவற்றைக் குன்மம் என்ற தலைப்பில் எட்டு வகையாகப் பிரித்தது. இருபதாம் நூற்றாண்டில் குமரி மாவட்டத்து நெய்யூர் மிஷன் மருத்துவமனை இந்நோய்க்கான அறுவை சிகிச்சைக்குப் பேர்போனது. 1922, 1924 எவரெஸ்ட் பயணங்களில் பங்கேற்ற ஹோவர்ட் சோமர்வெல் அங்கே நெடுங்காலம் பணியாற்றி, சிறுகுடல் முகப்புப் புண்ணால் அவதிப்பட்ட ஏழைகளுக்குக் கணக்கற்ற அறுவைகள் செய்தார். மைசூரில் பணியாற்றிய ஃபிராங்க் டோவி, இந்தியாவில் புண் எங்கெங்கு மிகுதி என்று தேடினார்: அரிசி உண்ணும் தெற்கில் அதிகம், கோதுமை உண்ணும் வடமேற்கில் குறைவு. அன்றைக்குப் பழி முழுவதும் உணவின் மேல் விழுந்ததில் வியப்பில்லை. வடக்கிலும் தெற்கிலும் கிருமி ஏறக்குறைய ஒரே அளவில் பரவியிருப்பது பின்னாளில்தான் தெரிந்தது.

காஞ்சிபுரத்தின் நெசவாளர் தெருக்களில் இந்நோய்க்கு ஆயத்தமான விளக்கம் உண்டு. வேளாவேளைக்குச் சாப்பிடாததால் வந்தது என்பார்கள். குழித்தறியில் காலை இறக்கி உட்கார்ந்தவர் எடுத்த வேலையைப் பாதியில் விட்டு எழ மாட்டார்; நடுவில் டீயோடு சரி. பசி வலியைக் கூட்டும் என்பது உண்மைதான், ஆனால் புண்ணை உண்டாக்குவது அதுவல்ல. காரமும் அப்படியே. மிளகும் சுக்கும் சீரகமும் மணக்கும் குடலை இட்லியை வரதராஜப் பெருமாள் கோயில் பிரசாதமாகத் தலைமுறைகள் உண்ட ஊரில், மிளகைக் குற்றவாளியாக்குவது அநியாயம். நெசவாளர் கவனிக்க வேண்டிய வேறொன்று இருக்கிறது. முதுகுவலிக்குக் கடையில் கேட்டு வாங்கி விழுங்கும் வலி மாத்திரை, கிருமிக்கு அடுத்தபடியாகப் புண்ணுண்டாக்கும் பெரிய காரணம்.

உண்மைக் காரணம் 1982-இல் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் பிடிபட்டது. ராபின் வாரனும் பாரி மார்ஷலும் நோயாளிகளின் இரைப்பைத் திசுவிலிருந்து கிருமியை வளர்க்கப் பலமுறை முயன்று தோற்றிருந்தார்கள். ஈஸ்டர் விடுமுறையில் தட்டுகள் வழக்கத்தைவிடக் கூடுதல் நாட்கள் அடைகாக்கும் பெட்டியிலேயே இருந்துவிட, கிருமி வளர்ந்து தெரிந்தது. மருத்துவ உலகம் நம்பத் தயங்கியது. 1984-இல் மார்ஷல் அக்கிருமிக் கரைசலைத் தாமே குடித்து, இரைப்பை அழற்சியை வரவழைத்துக் காட்டினார். 1994-இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை இதை முதல் வகைப் புற்றுநோய்க் காரணியாக அறிவித்தது. 2005-இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

தொற்று பெரும்பாலும் பத்து வயதுக்குள், வீட்டுக்குள்ளேயே நிகழ்கிறது: வாய்வழியாகவும், வாந்தி, மலம் கலந்த நீர்வழியாகவும். சிறிய வீட்டில் பலர் நெருங்கி வாழ்வது, ஒரே படுக்கையைப் பகிர்வது, சுகாதாரமற்ற குடிநீர் ஆகியவை வாய்ப்பைக் கூட்டும். தறி பாதியிடத்தை எடுத்துக்கொண்ட நெசவாளர் வீடு, மிச்சத்தில் சமையலும் உறக்கமும், வாய் திறந்த குடத்துக்குள் ஆளாளுக்குக் கைபட முக்கும் சொம்பு. கரையைத் தனியே கோத்து நெய்யும் கோர்வைப் புடவைக்குக் கரைநாடா (கரை ஓடம்) தள்ள உட்கார்ந்த பிள்ளைகள் வளர்ந்தது இப்படிப்பட்ட வீடுகளில்தான். ஆகவே ஒரு சமூகத்தில் முதியவர்களிடம் கிருமி மிகுந்திருப்பதற்கு முதுமை காரணமல்ல. அவர்கள் குழந்தைகளாக இருந்த காலத்து வீடும் நீரும் இன்னும் அவர்கள் வயிற்றில் இருக்கின்றன. ஜப்பானில் இரண்டாம் உலகப் போருக்கு முன் பிறந்தோரிடம் மலிந்திருந்த தொற்று இன்றைய சிறுவர்களிடம் அரிதாகிவிட்டது இவ்வகையில்தான்.

தொற்று சமூகத்துக்குச் சமூகம் வேறுபடுவதைத் தமிழர்களை வைத்தே காட்டியது மலேசியா. ஒரே நாட்டில் வாழும் மூன்று இனத்தவரில் இந்தியர்களிடம் (பெரும்பான்மையோர் தமிழர்) தொற்று மிகுதி, மலாய்க்காரர்களிடம் குறைவு எனக் கோ கியான் லீ, பராசக்தி ஆகியோரின் ஆய்வு 2001-இல் எடுத்துரைத்தது. 2009-இல் வந்த மரபணு ஆய்வு மேலும் சுவையானது: மலாய்க்காரர்களிடம் காணப்படும் கிருமி பெரும்பாலும் இந்தியர்களிடமிருந்து அண்மைக் காலத்தில் தொற்றியது. இரைப்பைப் புற்றுநோயோ அங்கே சீனர்களிடம்தான் அதிகம். இந்தியர்களிடம் கிருமி மிகுந்தும் புற்றுநோய் குறைந்திருக்கும் இந்நிலையை ஆய்வாளர்கள் 'இந்தியப் புதிர்' என்றே அழைக்கிறார்கள்.

2017-இல் வெளியான உலகத் தொகுப்பாய்வு, 2015-இல் சுமார் 440 கோடிப் பேரிடம் கிருமி இருந்ததாக மதிப்பிட்டது. இந்தியாவில் 63.5 விழுக்காடு, சுவிட்சர்லாந்தில் 18.9, நைஜீரியாவில் 87.7.

மருந்தால் இதை ஒழிக்க முடியும். அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையுடன் இரண்டு மூன்று நுண்ணுயிர்க்கொல்லிகளை வழக்கமாக 14 நாட்கள் எடுக்க வேண்டும். ஆனால் சென்னை உட்பட இந்திய நகரங்களில் திரட்டிய கிருமிகளில் முக்கால் பங்குக்கு மேல், அவற்றில் ஒன்றான மெட்ரோனிடசோலுக்கு அடங்கவில்லை என 2003-இல் வெளியான ஆய்வு காட்டியது. வயிற்றுப்போக்குக்கு மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் அதே மாத்திரைதான். வலி நின்றதும் ஐந்தாம் நாளே மருந்தை நிறுத்துவோரிடம் கிருமி பிழைத்துக்கொள்கிறது. அது உண்மையிலேயே போய்விட்டதா என்பதை மருந்து முடிந்து நான்கு வாரங்களுக்குப் பின் செய்யும் மூச்சுச் சோதனையோ மலச் சோதனையோதான் சொல்லும்.