மாரிஸ்டவுன் தேசிய வரலாற்றுப் பூங்கா: மக்களுக்கான வரலாறும் இயற்கை நிகழ்ச்சிகளும்

அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் உள்ள பூங்கா. ‘தேசிய வரலாற்றுப் பூங்கா’ என்ற பெயரில் அந்நாட்டில் முதலாவதாக அமைக்கப்பட்டது இதுவே. பரப்பு சுமார் 1,700 ஏக்கர். ஃபோர்டு மாளிகை, நான்சென்ஸ் கோட்டை, ஜாக்கி ஹாலோ காடு முதலிய பகுதிகள் ஒன்றையொன்று ஒட்டியவை அல்ல. ஊருக்குள்ளும் புறத்துமாகச் சிதறிக் கிடக்கின்றன.

அமெரிக்க விடுதலைப் போரின்போது, 1779 டிசம்பரில் ஜார்ஜ் வாஷிங்டனின் படை குளிர்காலத்தைக் கழிக்க இங்கு வந்தது. தளபதியான வாஷிங்டன் ஃபோர்டு மாளிகையில் தங்கினார். வீரர்கள் ஜாக்கி ஹாலோவில் மரங்களை வெட்டி ஆயிரத்துக்கும் மேற்பட்ட குடிசைகள் கட்டிக்கொண்டனர். குடிசைக்கும் விறகுக்குமாகக் குன்றுச் சரிவுகள் மொட்டையாயின. அந்தப் பருவத்தில் 28 முறை பனி பொழிந்ததாகச் சொல்வது வழக்கம். நியூயார்க் துறைமுகம் உறைந்துபோனது. ஜோசப் பிளம் மார்ட்டின் என்ற வீரர் முதுமையில் எழுதிய நினைவுக் குறிப்பு 1830இல் வெளிவந்தது. பூர்ச்ச மரப்பட்டையைத் தின்றதையும், சிலர் பழைய காலணிகளை வாட்டித் தின்றதையும் அது பதிவு செய்கிறது. இன்றைய வழிகாட்டிகளின் உரைகளுக்கு இந்நூலே வற்றாத ஊற்று.

அடுத்த நூறாண்டில் நிலம் பெரும்பாலும் உழவர் கையில் இருந்தது. 1873இல் ஃபோர்டு மாளிகை ஏலத்துக்கு வந்தபோது உள்ளூர்ப் பிரமுகர்கள் நால்வர் அதை வாங்கினர். மறு ஆண்டு அமைந்த நியூ ஜெர்சி வாஷிங்டன் சங்கம் அதை அருங்காட்சியகமாகப் பேணியது.

அமெரிக்க அதிபர் ஹெர்பர்ட் ஹூவர் தம் பதவிக்காலம் முடிவதற்கு இரண்டு நாள் முன்னர், 1933 மார்ச் 2 அன்று, பூங்காவுக்கான சட்டத்தில் கையெழுத்திட்டார். அதைத் தொடர்ந்த பத்தாண்டே இதன் வரலாற்றில் மிக விரிவாக அறியப்படுவது. கண்காணிப்பாளர் எல்பர்ட் காக்ஸும் ஆய்வாளர் வெர்னன் செட்சரும் வரலாறு பயின்றவர்கள். காடுகளையும் மலைகளையும் காத்துப் பழகிய தேசியப் பூங்காப் பணியகத்துக்கு இது புது வழக்கம். சிசிசி எனப்பட்ட வேலையில்லா இளைஞர் பணிப்படை ஜாக்கி ஹாலோவில் பாதைகள் போட்டது. பழைய குடிசைகளின் அடுப்புக் கற்கள் கிடந்த இடங்களைத் தோண்டியது. மாதிரிக் குடிசைகளையும் கட்டியது. அவற்றுள் குறிப்பிடத்தக்கது மருத்துவக் குடிசை. படை மருத்துவர் ஜேம்ஸ் டில்ட்டன் விவரித்த அமைப்பு அது: புகைபோக்கி கிடையாது, மண் தரையின் நடுவே தீ, புகை அறை முழுதும் சுற்றி முகட்டுத் திறப்பு வழியே வெளியேறும். புகை தொற்றைத் தணிக்கும் என்பது அவர் நம்பிக்கை. ஃபோர்டு மாளிகைக்குப் பின்னுள்ள அருங்காட்சியகம் ஜான் ரஸல் போப் வடிவமைத்து அக்காலத்தில் எழுந்ததே.

பூங்காவில் மீட்டமைக்கப்பட்ட விக் பண்ணை வீடு, பார்வையாளர்களிடம் ஒரு கதையாலேயே அதிகம் அறியப்படுகிறது. 1781 ஜனவரியில் பென்சில்வேனியப் படைப்பிரிவு கலகம் செய்தபோது, வீரர்கள் பறிக்க முயன்ற குதிரையை வீட்டுப்பெண் டெம்பரன்ஸ் விக் தன் படுக்கையறைக்குள் ஒளித்து வைத்தாராம். குளம்பொலி கேட்காதிருக்க அதன் காலடியில் இறகு மெத்தை விரித்ததாகவும் சொல்வர். கலகம் நடந்தது உறுதி. குதிரைக்குச் சமகால ஆதாரம் எதுவும் காட்டப்படவில்லை. கதை பின்னாளில்தான் அச்சில் வருகிறது. ஆயினும் அந்தச் சிறிய அறையை எட்டிப் பார்க்காமல் திரும்பும் குழந்தைகள் குறைவு. நான்சென்ஸ் கோட்டையும் இத்தகையதே. 1779 முகாமுக்கு முன்னரே, 1777இல், வீரர்களைச் சும்மா இருக்கவிடாமல் வேலை வாங்கவே அது கட்டப்பட்டது என்பது ஊர்வழக்கு. சரக்குக் கிடங்குகளைக் காக்க எழுந்த அரண் என்பதே ஆவணங்கள் தரும் குறிப்பு.

இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய ஆண்டுகளில் பணிகள் மெல்ல நகர்ந்தன. 1970களில் பல வரலாற்றுப் பூங்காக்களைப் போலவே இங்கும் அக்கால உடையணிந்து துப்பாக்கி சுட்டுக்காட்டுவதும், விறகடுப்பில் சமைத்துக்காட்டுவதும் பரவின. இன்று சரிவில் காணப்படும் ஐந்து குடிசைகள் மறு உருவாக்கங்களே.

இயற்கை நிகழ்ச்சிகள் நிகழ்வது ஏறத்தாழ 27 மைல் நீளும் நடைபாதைகளில்: காட்டுப்பூ உலா, பறவை நோக்கல், பிரிம்ரோஸ் ஓடைக்கரை நடை. கைவிடப்பட்ட வயல்களில் துலிப் மரங்கள் நெடுநெடுவென வளர்ந்து நிற்கின்றன. போர்க்காலத்தில் மிகுந்திருந்த அமெரிக்கக் கஷ்கொட்டை, இருபதாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் பூஞ்சை நோயால் அழிந்தது. மான்கள் பெருகி இளங்கன்றுகளை மேய்ந்துவிடுவதும், ஜப்பானிய பார்பெரி புதர் தரையை மூடுவதும் நடப்புச் சிக்கல்கள். அப்புதரின் அடியில் மண்ணின் காரத்தன்மை கூடி, அயல்நாட்டு மண்புழுக்கள் மிகுவதை ரட்கர்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்டனர்.

ஜாக்கி ஹாலோவுக்குச் செல்பவர்கள் முதலில் குடிசைகளின் அருகே வரலாற்று உரையைக் கேட்டுவிட்டுப் பிறகு காட்டுக்குள் நடப்பது நல்லது. இல்லையெனில் அங்குள்ள மரங்களை வாஷிங்டன் காலத்தவை என்று எண்ணிவிட நேரும். அவற்றில் பெரும்பாலானவை படை போன பின் முளைத்தவை.